தண்டுவடப் பாதிப்புடன் சிங்கப்பூர் செல்ல விரும்புகிறேன்: சேலம் பகுதியில் சென்றுவந்தவர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி: கொலுசுக் கணக்கர், அம்மாபேட்டை

வணக்கம். விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வின்றிச் சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். செவ்வாய்ப்பேட்டையில் உள்ள வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். சிங்கப்பூரில் வாழும் என் அக்கா ஒவ்வோர் ஆண்டும் அழைப்பார், நானும் ஏதாவது சாக்குச் சொல்வேன். இம்முறை பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டதால் சொல்வதற்குச் சாக்கு மிச்சமில்லை.

கட்டிலின் உயரம், கழிவறைச் சுவரில் பதித்த கைப்பிடி, எந்தப் பக்கம் அணைத்துத் தூக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிந்த அம்மா, இவ்வளவும் அமைந்த வீட்டுக்குள் என் நாள்கள் சிக்கலின்றி நகர்கின்றன. அம்மாவுக்கு மூட்டுவலி, அவரால் வர இயலாது. உடன் வருவதாகச் சொல்லும் தம்பி என்னைத் தூக்கிப் பழகியவன் அல்லன். முன்பின் அறியாத ஆண்கள் என்னைத் தூக்குவார்களா, நான்கு மணி நேரப் பறத்தலில் கழிவறைக்கு என்ன செய்வது, நாற்காலி உடைந்துபோனால் என்ன கதி என்பவையே என் கேள்விகள். உறவினர்களோ மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் உயரம் தாண்டும் நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உதாரணம் காட்டுகிறார்கள். ரியோவில் தங்கமும் டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வென்ற அவரை நினைத்து எனக்கும் பெருமைதான்; ஆனால் என் கழிவறைக் கேள்விக்கு அவருடைய பதக்கங்களில் விடை இல்லை.

பதில்: ஓமலூர்ப் பயணி

சகோதரி, எனக்கும் தண்டுவடப் பாதிப்புதான். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் நமக்குப் பக்கமாக இருந்தாலும் அங்கிருந்து உள்நாட்டுச் சிறு விமானங்களே செல்கின்றன. படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டியிருக்கும். ஆகவே நாமக்கல் வழியாகக் காரில் திருச்சிக்குச் செல்லுங்கள். அங்கு 2024இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் ஏரோபிரிட்ஜ், அதாவது படியின்றி விமானத்தின் வாசலுக்கே செல்லும் இணைப்புப் பாலம், உண்டு. கோயம்புத்தூரிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது.

பயணச்சீட்டு எடுக்கும்போதே உங்கள் பதிவில் 'டபிள்யூ.சி.எச்.சி.' என்ற குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். இருக்கை வரை தூக்கிச்செல்லப்பட வேண்டியவர் என்பதற்கான குறியீடு அது. முகவர்கள் பலர் 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' என்று போட்டுவிடுகிறார்கள். அது படியேறக்கூடியவர்களுக்கு உரியது. அப்படிப் பதிவாகிவிட்டால், விமானத்தின் நடைபாதைக்குள் நுழையும் ஒடுங்கிய நாற்காலி அங்கே தயாராக இருக்காது. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே தேவையைத் தெரிவித்துவிட வேண்டும். உங்கள் சொந்த நாற்காலியிலேயே விமானத்தின் வாசல் வரை செல்வதாகவும், இறங்கும்போது அதை வாசலுக்கே கொண்டுவர வேண்டும் என்றும் செக்-இன் மேசையில் சொல்லுங்கள். உட்காரும் மெத்தையைக் கழற்றி உள்ளே எடுத்துச்சென்று அதன்மீதே அமர்ந்து, அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படுக்கைப்புண் வந்தால் பயணமே மருத்துவமனையில் முடிந்துவிடும்.

இத்தடத்தில் பறக்கும் ஒற்றை நடைபாதை விமானங்களின் கழிவறைக்குள் நம்மைப் போன்றவர்கள் நுழைவது ஏறத்தாழ நடவாத காரியம். அதனால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோர் உண்டு. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், சிறுநீர்த் தொற்றையும் இரத்தக்கட்டையும் நாமே வரவழைப்பது அது. அன்று ஒருநாள் மட்டும் கத்தீட்டரும் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) பையும் பொருத்திக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தசை இறுக்கத்துக்கு டயஸிபம் எடுப்பவராக இருந்தால், அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பதில்: சூரமங்கலம் 65

நாற்காலி உடைந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ஒரு விமான நிறுவனம் என் நாற்காலியின் சக்கரத்தை வளைத்துக் கொடுத்தது. பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி நாற்காலியும் வெறும் பயணப்பொதிதான். 2024 டிசம்பர் 28 முதல் அதன் இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது தோராயமாக இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாற்காலி அதைவிட விலை மிகுந்ததாக இருந்தால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கும் கூடுதல் தொகையைக் கட்டிவிடலாம். ஒப்படைக்குமுன் நாற்புறமும் படம் எடுங்கள். சேதம் இருந்தால் ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுதித் தருவதே நல்லது.

பதில்: நாகலூர் மிளகுக்கொடி, ஏற்காடு

தங்கையே, நான் போலியோவால் காலில் காலிப்பர் என்னும் தாங்குகருவி அணிபவள். இங்கே இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். மேலே சொன்ன விதிகள் அனைத்தும் சரியானவை. ஆயினும் உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. பெண் பணியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எந்த ஊரிலும் அது உறுதியாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். யார் வந்தாலும், அவர் கை வைப்பதற்கு முன்பே, "ஒருவர் பின்னால் நின்று என் கைகளுக்கு அடியில் பிடியுங்கள், மற்றவர் முழங்காலுக்குக் கீழே பிடியுங்கள், நான் மூன்று எண்ணியதும் தூக்குங்கள்" என்று உரக்கச் சொல்லும் பழக்கம் உங்களுக்கு வேண்டும். அம்மாவிடம் சொல்லத் தேவை இல்லாததால் உங்களுக்கு அது பழகியிருக்காது. எனக்குத் தெரிந்தவரை, வெளியூர்ப் பயணத்தில் கூச்சம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தேங்கி நிற்கிறது.

அதைச் சிங்கப்பூரில் போய்ப் பழக வேண்டியதில்லை. தம்பியுடன், அம்மா இல்லாமல், ஓரிரவு ஏற்காட்டுக்கு வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் உடல் எப்படிச் சாய்கிறது, மார்புக்குப் பட்டை வேண்டுமா என்பது மலையேறும்போதே தெரிந்துவிடும். சேர்வராயன் கோயிலின் குகைக்குள் சக்கர நாற்காலி போகாது. வாசலில் இருப்பவர்களிடம் உதவி கேட்டுப் பாருங்கள், அல்லது வேண்டாம் என்று மறுத்துப் பாருங்கள். மறுப்பதற்கும் பழக்கம் வேண்டும். நம்மூரில் கேட்காமலே தூக்க வருபவர்கள் அதிகம்.

பதில்: சிராங்கூன் வாசி

பிறந்த ஊர் ஆத்தூர், இப்போது இருப்பது சிங்கப்பூர். இங்கே எம்.ஆர்.டி. என்னும் நகர ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் படியில்லாத வழி உண்டு. பேருந்து ஓட்டுநர் தாமே இறங்கிவந்து சாய்தளத்தை விரிப்பார். லிட்டில் இந்தியாவின் பழைய கடைகளை ஒட்டிய நடைபாதைகள் மட்டும் கடைக்குக் கடை ஏறி இறங்கும், தம்பி அங்கே கட்டாயம் வேண்டும். அக்கா வீட்டுக் குளியலறைக் கதவின் அகலத்தை இப்போதே அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொலுசுக் கணக்கர்:

அனைவருக்கும் நன்றி. கதவை அளக்குமாறு அக்காவுக்கு எழுதிவிட்டேன். நாகலூர் அக்கா, அடுத்த மாதம் வார நாள் ஒன்றில் வருகிறோம். மெத்தையுடன் சேர்த்து என் நாற்காலியின் உயரம் 20 அங்குலம். உங்கள் கட்டில் எவ்வளவு உயரம்?

நாகலூர் மிளகுக்கொடி:

16 அங்குலம். நீங்கள் வருமுன் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்திவிடுகிறேன். தம்பியை மட்டும் முன்னதாகவே வீட்டில் தூக்கிப் பழகச் சொல்லுங்கள், சொல்லிக்கொடுப்பது நீங்களாக இருக்கட்டும், அம்மா வேண்டாம்.