சங்கு குளிக்கும் கேம்: நோட்டீஸ் விடலாமா?

கீழக்கரைக்காரன்: இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு மொபைல் கேம் செய்தேன். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சங்கு பொறுக்கி, மூச்சு தீர்வதற்குள் வள்ளத்துக்கு ஏற வேண்டும். அளவு குறைந்த சங்கைக் கடலிலேயே விட்டால் கொஞ்சம் மூச்சு கூடும். போன மாதம் ஒருவர் முத்துக் குளிக்கும் கேம் விட்டிருக்கிறார். சங்குக்குப் பதில் சிப்பி, அவ்வளவுதான் வித்தியாசம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறேன்.

பாம்பன்பையன்: அண்ணே, சங்கு குளிப்பது உங்கள் சொத்தா? உங்கள் ஊரில் தலைமுறையாகக் குளிப்பவர்கள் உங்களுக்கு நோட்டீஸ் விட்டால்?

கீழக்கரைக்காரன்: குளிப்பதற்கு உரிமை கேட்கவில்லை தம்பி. சின்னச் சங்கை விட்டால் மூச்சு கூடும் என்பது என் யோசனை. நிஜக் கடல் எதிலும் அப்படி மூச்சு அதிகமாகாது.

பாம்பன்பையன்: அந்த யோசனைக்குத்தான் பாதுகாப்பு இல்லை. விளையாடும் முறை கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. காப்பிரைட்டும் கைகொடுக்காது. எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் மாதிரி ‘ஸ்கிராபுலஸ்’ விட்ட கொல்கத்தா சகோதரர்கள் மீது, ஸ்கிராபிளை விற்கும் மேட்டல் கம்பெனி கேஸ் போட்டது. 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் காப்பிரைட் வாதத்தை ஏற்கவில்லை, பெயரை மட்டும் டிரேட்மார்க் என்று தடுத்தது. உங்கள் கேமின் பெயரையா எடுத்தார்?

கீழக்கரைக்காரன்: பெயர் வேறு.

மண்டபம் ஜூனியர்: (வக்கீல்தான், ஆனால் இது இலவசம்.) தம்பி சொல்வது பாதிதான். விதிக்கு உரிமை இல்லை, அதைத் திரையில் காட்டிய விதத்துக்கு உண்டு. அமெரிக்காவில் 2012-இல் இரண்டு கேஸ். ‘மினோ’ என்ற கேம், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸின் கட்டை வடிவங்களையும் 20-க்கு 10 கட்டப் பலகையையும் அப்படியே எடுத்திருந்தது, டெட்ரிஸ் ஜெயித்தது. நமக்கு நெருக்கமானது இன்னொன்று. ஸ்பிரை ஃபாக்ஸ் என்ற சின்னக் கம்பெனியின் ‘டிரிபிள் டவுன்’. மூன்று புல் சேர்ந்தால் புதர், மூன்று புதர் சேர்ந்தால் மரம், நடுவே கரடி வந்து வழி மறிக்கும். எதிராளியின் ‘யெட்டி டவுன்’ கரடியை எடுத்துவிட்டுப் பனிமனிதனை நிறுத்தியது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளச் சொன்னார்கள், நீதிபதி மறுத்தார். அப்புறம் சமரசம். யெட்டி டவுனே ஸ்பிரை ஃபாக்ஸ் கைக்கு வந்தது. வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, எடுத்துக் காட்டலாம்.

கீழக்கரைக்காரன்: கரடிக்கு யெட்டி, சங்குக்கு முத்து. என் கேஸேதான்!

பாம்பன்பையன்: அவசரப்படாதீர்கள். அங்கே எதிராளி ரகசிய ஒப்பந்தம் போட்டு, கேமின் ஃபேஸ்புக் பதிப்பு வெளிவரும் முன்பே பார்த்த கம்பெனி. உங்கள் ஆள் எப்போது பார்த்தார்?

கீழக்கரைக்காரன்: டெஸ்டிங்குக்காக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவரும் இருந்தார். “அருமை” என்று கட்டைவிரல் வேறு.

மண்டபம் ஜூனியர்: நோட்டீஸ் அப்புறம். முதலில் அந்த மெசேஜ் தேதியோடு வேண்டும். மூச்சு காட்டும் கயிறு, வள்ளத்தின் படம், சத்தம், இரண்டு கேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியல் போடுங்கள். விதியைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கீழக்கரைக்காரன்: போனில் இடம் இல்லை என்று குரூப் சாட்டைப் போன வாரம் அழித்துவிட்டேனே.

பாம்பன்பையன்: நானும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன் அண்ணே. இருங்கள், தேடுகிறேன்... இருக்கிறது, கட்டைவிரலோடு. அனுப்புகிறேன். ஆனாலும் மூச்சு விஷயத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது.