நான் செய்த மான் கொம்பை ஏன் நிராகரித்தார்கள் என்று யாரிடம் கேட்பது?

கோட்டைமான் (திருகோணமலை):

எல்லோருக்கும் வணக்கம். நான் உவர்மலையில் இருக்கிறேன். பகலில் நகரில் ஒரு அச்சுக் கடையில் வேலை. இரவில் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கேம் அவதாரங்களுக்கு (விளையாடுபவரின் உருவங்களுக்கு) அணிகலன் செய்கிறேன். எங்கள் ஊரில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் பஸ் நிலையப் பக்கமும் புள்ளிமான்கள் திரிவது பலருக்குத் தெரிந்திருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் ஓர் ஆண் மானைப் பல காலைகள் படம் எடுத்து, அதன் கொம்பைப் பார்த்து ஒரு தலையணி செய்தேன். ஒரு கொம்புக்கு மூன்று கிளை. அடியில் சொரசொரப்பு, நுனியில் தேய்ந்து வெளிறிய நிறம். முப்பரிமாண உருவம் சிறு முக்கோணங்களால் ஆனது; வடிவு கெடாமல் அதை 3600 முக்கோணத்துக்குள் அடக்க 5 வாரம் போனது.

அப்புறம்தான் சிக்கல். நான் போன தளத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே மாதச் சந்தா கட்டினால்தான் முப்பரிமாணப் பொருளை விற்பனைக்கு வைக்கலாம். அடையாளத்தையும் உறுதிப்படுத்த வேண்டும். என் அடையாள அட்டையை மூன்று தடவை படம் எடுத்து அனுப்பியும் ஏற்கவில்லை. கடைசியில் வவுனியாவுக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுத்தேன். பிறகு பதிவேற்றக் கட்டணம். எல்லாம் கட்டி அனுப்பினால், இரண்டாம் நாள் ஒரே வரி: விதிமுறைக்குப் பொருந்தவில்லை. எந்த விதி என்று இல்லை. காசும் திரும்பி வரவில்லை. கேட்டு எழுதினேன், அதே வரிதான் மறுபடியும் வந்தது. அந்தச் சந்தையில் மான் கொம்பு பக்கம் பக்கமாக விற்பனையில் கிடக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாத் தளங்களும் இப்படித்தானா? அனுபவம் உள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

வன்னித்தச்சன்:

தங்கச்சி, 5 வார உழைப்பு அப்படிப் போனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எல்லாத் தளமும் ஒன்றல்ல. ரோப்லாக்ஸ் என்ற கேம் தளம் 2006இல் வந்தாலும், பயனர்கள் செய்த தொப்பி, முடி போன்றவற்றை 2019இல்தான் சந்தைக்கு விட்டது. அதுவும் தாங்களே தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். மற்றவர்களுக்கு 2023இல்தான் கதவு அகலத் திறந்தது. கேம் விற்கும் தளமான ஸ்டீமின் வொர்க்‌ஷாப் 2011இல் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கேமுக்காகத் தொடங்கியபோது யாரும் பொருள் அனுப்பலாம், ஆனால் எது கடைக்குப் போகும் என்று நிறுவனமே முடிவு செய்தது. விற்றதில் செய்தவருக்கு 25 வீதம்.

2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் வேறு மாதிரி. ஒரு படத்தைப் பதிவேற்ற அந்த உலகத்துக் காசில் 10 லிண்டன் டொலர், அதாவது சில அமெரிக்க சதம்தான். செய்த பொருளின் உரிமை செய்தவருக்கே என்று அந்த ஆண்டிலேயே அறிவித்தார்கள். மலிவான வாசல் வைத்தும் ஒரு சந்தை நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

காசை வெளியே எடுக்கும் இடத்தையும் பாருங்கள். ரோப்லாக்ஸில் உழைத்தது 30,000 ரோபக்ஸ் (அந்தத் தளத்தின் காசு) சேர்ந்தால்தான் பணமாக மாற்றக் கேட்கலாம். பொதுச் சந்தையில் தொப்பி விற்றால் செய்தவர் பங்கு 30 வீதம். 100 ரோபக்ஸ் தொப்பி என்றால் 1000 விற்க வேண்டும்.

மெரினா_மெஷ் (சென்னை):

நான் கட்டணத்துக்கு ஆதரவாகத்தான் பேசுவேன். ஒரு தளத்தில் நான் செய்த சிறகை மூன்றே நாளில் நாலு கணக்குகளில் அப்படியே நகலெடுத்துப் பாதி விலைக்கு வைத்தார்கள். ஒன்றை நீக்க வைத்தால் இன்னொரு கணக்கு முளைக்கும். கட்டணமும் அடையாளச் சோதனையும் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. தோழி, காரணம் சொல்லாததைக் கேளுங்கள், நியாயம். வாசலையே எடுக்கச் சொல்லாதீர்கள்.

கோட்டைமான்:

அக்கா, உங்கள் சிறகுக்கு நடந்தது அநியாயம். வாசல் வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நகலெடுப்பவர் ஒரே நாளில் 20 பொருள் ஏற்றுவார், அதில் ஒன்று ஓடினாலே போட்ட காசு வந்துவிடும். 5 வாரத்துக்கு ஒன்று செய்கிற எனக்கு ஒரு நிராகரிப்பே அந்த மாதக் கைக்காசு முழுவதும். கட்டணமும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. தளம் விலையை ஒரு சதம்கூடக் கூட்டவில்லை, எங்களுக்கு மட்டும் வாசல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர்ந்தது. முதல் விற்பனைகளிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொண்டால் என்ன? நகலெடுப்பவரைப் பிடிக்க அடையாளச் சோதனை இருக்கிறதே.

நிலாவெளியாள் (டோர்ட்முண்ட், ஜேர்மனி):

பிள்ளை, ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/1150 என்ற ஒழுங்குவிதி 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே வியாபாரம் செய்பவரின் பொருளை ஒரு தளம் தடுத்தால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தேடலில் எது மேலே வரும் என்பதை முக்கியமாக எவை தீர்மானிக்கின்றன என்றும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 17 முதல் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் முழுமையாக வந்துவிட்டது. அதன்படி ஒருவர் போட்டதை நீக்கினாலும் எந்த விதியின் கீழ் என்று காட்ட வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு இங்கே இருப்பவர்களுக்குத்தான், திருகோணமலையில் இருக்கும் உனக்கு நேராகச் சேராது. ஆனால் அந்தத் தளம் ஐரோப்பாவிலும் நடக்கிறது என்றால், காரணம் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு அவர்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி எழுது.

கோட்டைமான்:

மிக்க நன்றி மாமா, இது எனக்குத் தெரியாது. இன்றிரவே எழுதுகிறேன். கொம்பின் முக்கோண எண்ணிக்கை, கோட்டையில் எடுத்த படங்கள், பிளெண்டர் கோப்பின் பழைய பிரதிகள் எல்லாவற்றையும் இணைக்கிறேன், நகல் என்று நினைத்துத் தடுத்திருந்தால் அது தெளியட்டும். அனுப்ப முன் இங்கே போடுகிறேன். அந்தச் சட்டம் பற்றிய பந்தியை மட்டும் ஒருக்கால் பார்த்துப் பிழை இருந்தால் சொல்வீர்களா?