தேர்வு அறையில் தட்டிய கை: கணக்குப் பயத்துக்கு டேப்பிங் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அடிவாரத்து ஆசிரியை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பயத்தைக் குறைக்க உடம்பின் சில இடங்களை விரல் நுனியால் தட்டுவதுதான் டேப்பிங். கையின் ஓரத்தில் தொடங்கி, புருவம், கண், காரை எலும்பு என்று போய் உச்சந்தலையில் முடியும் அந்தச் சுற்று இங்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலோருக்குத் தெரிந்ததே என்பதால் அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது ஒரு மாணவியைப் பற்றியும், நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றியும்.

வகுப்பில் கேட்டால் அவள் விடை சொல்லிவிடுவாள். வினாத்தாள் கைக்கு வந்ததும் உள்ளங்கை வியர்த்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்கு 19 வாங்கினாள். ஒரு பயிற்சி முகாமில் கற்றுவந்த டேப்பிங்கை, பாதி நம்பிக்கையோடுதான், ஒரு நாள் மாலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பயம் எவ்வளவு இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னேன். "எட்டரை மிஸ்" என்றாள், யோசிக்கவே இல்லை. மூன்று சுற்று முடிந்ததும் மறுபடி கேட்டேன். "நாலேகால். சரிபாதி குறைஞ்சிருக்கு மிஸ்" என்றாள். பின்னத்தில் சொல்லி, மனத்துக்குள்ளேயே பாதியாக்கிப் பார்த்த அந்தப் பெண்ணைத்தான் ஆசிரியர் அறையில் நாங்கள் "கணக்கே ஏறாதது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதல் திருப்புதல் தேர்வன்று நான் அடுத்த அறைக்கு மேற்பார்வையாளர். பாதி நேரத்தில் பக்கத்து அறையில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அவளை எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். விடைத்தாள் என் சக ஆசிரியரின் கையில் இருந்தது. ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்குக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள் இருக்கும்; ஒரு தட்டு என்றால் அ, இரண்டு தட்டு என்றால் ஆ என்று பின் வரிசைக்குச் சைகை காட்டுவது எந்த மேற்பார்வையாளரும் அறிந்த பழைய தந்திரம். அவள் இடது கையின் ஓரத்தை வலது விரல்களால் மேசைக்கடியில் தட்டிக்கொண்டிருந்ததை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவள் எதையும் மறுக்கவில்லை, அழவும் இல்லை, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்" என்று நான் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் அருகில் இருந்தார். கணக்கு ஆசிரியை ஒருத்தி பிள்ளைகளை முகத்தில் தட்டச் சொல்கிறாள் என்ற பேச்சு வருமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மணி அடிக்கும் வரை எழுதினாள், 31 வாங்கினாள், தேர்ச்சிக்கு நான்கு குறைவு. அந்த இருபது நிமிடத்தில் நான்கு மதிப்பெண் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

கொண்டலாம்பட்டி வாசகன்

ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் கையின் ஓரத்தில்தான் தட்டியாக வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டும். நான் முதுகலையில் உளவியல் படித்தவன். 1980களில் ரோஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒவ்வொரு பயத்துக்கும் ஒவ்வொரு வரிசையில் தட்ட வேண்டும் என்று ஒரு முறையை உருவாக்கினார். அவரிடம் கற்ற கேரி கிரெய்க், 1990களில், எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றுப் போதும் என்று அதைச் சுருக்கினார். வரிசை முக்கியமில்லை என்றால் இடம் மட்டும் எப்படி முக்கியமாகும்? வெயிட், ஹோல்டர் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவினர் உரிய இடங்களிலும், இன்னொரு குழுவினர் சம்பந்தமில்லாத இடங்களிலும் தட்டினார்கள். மூன்றாவது குழுவினர் ஒரு பொம்மையைத் தட்டினார்கள். மூன்று குழுவிலும் பயம் ஏறத்தாழ ஒன்றுபோலவே குறைந்தது, தட்டாத குழுவில் அப்படிக் குறையவில்லை.

இதைப் படித்த திமிரில் நான் ஒரு வேலை செய்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகன் அல்ஜீப்ரா என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அவனுக்கு வேண்டுமென்றே முழங்காலையும் முழங்கையையும் காட்டிக் கொடுத்து, இவைதான் டேப்பிங் புள்ளிகள் என்றேன். இரண்டு மாதம் அப்படியே தட்டினான், வயிற்றுவலி நின்றது, நானும் வெற்றி பெற்றவனைப்போல அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு அவனே இணையத்தில் சரியான படத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். உண்மையைச் சொன்னேன். "அப்ப எனக்கு வலி நின்னது பொய்யா மாமா?" என்று கேட்டான். பொய் இல்லை என்பதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அன்று முதல் அவன் முழங்காலிலும் தட்டுவதில்லை, என்னிடம் கணக்குக் கேட்பதும் இல்லை.

சூரமங்கலம் பயிற்சியாளர்

பொம்மை ஆய்வை எல்லா இடத்திலும் கொண்டுவந்து போடுகிறீர்கள். 2012இல் டாசன் சர்ச்சும் அவருடைய குழுவினரும் 83 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரே ஓர் அமர்வுக்குப் பின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் 24 விழுக்காடு குறைந்ததை அளந்து காட்டியிருக்கிறார்கள். என் அனுபவத்தில், தேர்வுக்கு முந்தைய இரவு என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒரு மாணவன் தட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனான். மூன்று இரவுகளாகத் தூங்காத பிள்ளை அவன் என்று அவனுடைய தாயார் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையைப் பார்த்திருந்தால் நீங்கள் முழங்கால் விளையாட்டு விளையாடியிருக்க மாட்டீர்கள்.

கொண்டலாம்பட்டி வாசகன்

நீங்கள் சொல்லும் ஆய்வில் டேப்பிங்கை ஒப்பிட்டது பேச்சு ஆலோசனையோடும் வெறும் ஓய்வோடும்தான். தவறான இடத்தில் தட்டிய குழு ஒன்று அதில் கிடையாது. ஆகையால் தட்டுவதால் பயன் உண்டா என்பதற்கு அது விடை சொல்லலாம், எங்கே தட்டுவது என்பதற்குச் சொல்லாது. முழங்கால் விஷயத்தில் நீங்கள் என்னைத் திட்டியது நியாயம்தான்.

பனங்காட்டுப் பட்டறைக்காரன்

ஆய்வு பற்றி எனக்குப் பேசத் தெரியாது. நாங்கள் கொலுசு வேலை செய்கிறவர்கள். என் மகன் ஏழு வயதிலிருந்து பட்டறையில் என்னோடு உட்காருவான். 250 கிராம் வெள்ளிக்கு இரண்டு சதவீதம் சேதாரம் போனால் மிச்சம் எவ்வளவு என்றால், தராசைப் பார்த்துக்கொண்டே 245 என்பான். பள்ளிக்கூடத்தில் அதே சதவீதக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்தவர் சொன்னதால் ஒருவரிடம் ஐந்து தடவை டேப்பிங்குக்கு அழைத்துப் போனேன். ஐந்தாவது தடவை முடிந்து வண்டியில் திரும்பும்போது, தட்டும்போது என்னடா நினைத்துக்கொள்கிறாய் என்று சும்மா கேட்டேன். "பட்டறையில தப்பாச் சொன்னா நீங்க அடிக்க மாட்டீங்கல்லப்பா, அதை நினைச்சுக்குவேன்" என்றான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அதுவரை பள்ளியில் அடி விழுவது எனக்குத் தெரியாது. தட்டிவிட்டு இன்னொரு அடி வாங்கத்தான் அவனைத் தயார் செய்துகொண்டிருந்தேனா என்பதை நினைத்தால் இன்றைக்கும் வேலை ஓடுவதில்லை.

அம்மாபேட்டை ஓய்வு பெற்ற ஆசிரியர்

பட்டறைக்காரத் தம்பி, உங்கள் பையனின் ஆசிரியரைப்போல நானும் ஒரு காலத்தில் பிரம்பு வைத்திருந்தவன்தான். பூஜ்யம் வாங்கிய ஒரு பையன், நான் பெயரைக் கூப்பிட்டதும் கையை நீட்டிக்கொண்டே எழுந்து வந்தான், அன்றைக்குத்தான் பிரம்பை விட்டேன். இனி இங்குள்ள பெற்றோருக்குச் சில யோசனைகள். டேப்பிங் செய்யுங்கள், செய்யாமலும் இருங்கள், ஆனால் வினாத்தாளின் அமைப்பு தெரியாத பிள்ளைக்கு எந்த மருந்தும் ஏறாது. ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, எட்டு மதிப்பெண்ணில் இரண்டு, ஆகமொத்தம் நூறு. அந்த எட்டு மதிப்பெண் வினாக்கள் வடிவியல் வரைதலும் வரைபடமும்தான், இரண்டிலும் 'அல்லது' உண்டு. பயந்த பிள்ளை முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. ஏனென்றால் அளவுகோலும் கவராயமும் கையில் இருக்கும்போது கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது, நடுக்கம் தானாக அடங்குகிறது, 16 மதிப்பெண் சேர்ந்துவிட்டால் 35 என்பது கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. பத்து மணிக்கு உள்ளே போனால் பத்தேகாலுக்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் வினாக்களைப் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தைத் தெரியாத வினாவைத் தேடிப் பயப்படுவதற்குச் செலவழிக்காமல், தெரிந்த வினாக்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கணக்குப் பயம் என்பது சோம்பல் அல்ல. ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இருவர் 2001இல் காட்டியதுபோல, கவலை வந்து மனத்தில் உட்கார்ந்துகொண்டால், கையில் மீதி வைத்துக் கூட்டும் அந்தத் தற்காலிக நினைவுக்கு இடம் இல்லாமல் போகிறது. எட்டும் ஏழும் பதினைந்து, மீதி ஒன்று என்பதில் அந்த ஒன்றுதான் தொலைந்து போகிறது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று ராமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்குப் புள்ளியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், பின் வரிசைக்குச் சைகை காட்டினாய் என்று யாரும் பிடிக்கவும் மாட்டார்கள். ஆசிரியை அம்மா இதைக் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

மலைமேல் விடுதிக் காப்பாளர்

ஏற்காட்டுக்கு மேலே, மலைக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் இருக்கிறேன். எங்கே தட்டுவது என்று இங்கே சண்டை நடக்கிறது. தட்டும்போது சொல்லச் சொல்லும் வாக்கியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பயிற்சியில் எனக்குக் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: "கணக்கைக் கண்டு எனக்குப் பயம் இருந்தாலும், என்னை நான் ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்." பன்னிரண்டு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து இதைச் சொல்லச் சொன்னதும் ஒரு பெண் குழந்தை சிரித்துவிட்டது. "இப்படி யாரு சார் பேசுவாங்க?" என்றது. சரி, உனக்கு வருகிறபடி சொல் என்றேன். "கணக்கு வரலைன்னாலும் நான் எங்கம்மா புள்ளைதான்" என்று சொல்லிக்கொண்டு தட்டியது. மொழிபெயர்த்தவருக்குக் கிடைக்காத வாக்கியம் அதற்குக் கிடைத்ததில் எனக்கு ஒரே மகிழ்ச்சி. எல்லோரையும் அவரவர் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன்.

மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பையன் காரை எலும்பில் கை வைத்தபடி, "கணக்கு வரலைன்னா" என்று ஆரம்பித்தான். 'வரலைன்னாலும்' என்று சொல்லவில்லை, 'வரலைன்னா' என்றான். "கணக்கு வரலைன்னா அடுத்த வருஷம் காப்பி பறிக்கப் போயிடணும், அப்பா சொல்லிட்டாரு." மற்ற பதினொரு பிள்ளைகளும் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தான். தாளில் அடுத்த வரி, இப்போது உன் பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்கச் சொன்னது. ஆசிரியையின் மாணவி எட்டரை என்று சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பையனிடம் என்னால் எண் கேட்க முடியவில்லை. அவனுடைய பயம் கணக்கைப் பற்றியது அல்ல; குறைத்துக்கொள்ள வேண்டிய பயமும் அல்ல, அவன் அப்பாவிடம் யாராவது போய்ப் பேச வேண்டிய விஷயம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு அவன் ஊருக்குப் போனேன், எஸ்டேட்டில் பறிப்பு நடந்துகொண்டிருந்ததால் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

அடிவாரத்து ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பத்து நிமிடம் எழுதச் சொல்லிப் பார்க்கிறேன். கொண்டலாம்பட்டி அன்பருக்கு ஒன்று: எங்கே தட்டினாலும் ஒன்றுதான் என்றால், அவளுக்கு மேசைக்கு மேலே எல்லோரும் பார்க்கும் ஓர் இடத்தை நான் காட்டியிருக்கலாம் என்பதுதான் உங்கள் பதிவில் எனக்கு உறுத்திய செய்தி. அவள் ஒளித்துத் தட்டியதற்குக் காரணம், வெளியே தெரியாமல் செய் என்று நான் சொன்னது. முந்தைய பதிவில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

நேற்று மதிய இடைவேளையில் அந்தச் சக ஆசிரியரிடம், அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார், மறுபடி திருத்தத் தொடங்கினார். மாலையில் அவளைக் கூப்பிட்டு, சாரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "சரி மிஸ்" என்றாள். இரண்டாம் திருப்புதல் தேர்வு வியாழக்கிழமை. இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "ஆறேமுக்கால்" என்றாள். முன்பைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று இந்த முறை அவள் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கவராயத்தை எடுக்கச் சொன்னேன். வட்டத்துக்குத் தொடுகோடு வரையத் தொடங்கினோம்.