தருமபுரியில் 3 அடி ரீஃப் தொட்டி: போர் தண்ணீர் டிடிஎஸ் 1100, ஃப்ளோரைடும் இருக்கு. சரிப்படுமா?

அலைவாசி, தருமபுரி

வணக்கம். நன்னீர் மீன்கள் பழக்கம் உண்டு, பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணித் தொட்டி (ரீஃப்) இதுதான் முதல். 3 × 1.5 × 1.5 அடி, 10 மிமீ கண்ணாடித் தொட்டி. கீழே 2 அடி சம்ப் (தொட்டித் தண்ணி இறங்கி மேலே திரும்பும் துணைத் தொட்டி). பாறை, மேல் இடைவெளி எல்லாம் போக மொத்தம் 200 லிட்டர் தண்ணி நிற்கும் என்று கணக்கு.

போர் தண்ணி பரிசோதனையில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1100, ஃப்ளோரைடு 2.4, நைட்ரேட் 40, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். ஒகேனக்கல் குழாய்த் தண்ணி வருவது குடிக்கவும் சமைக்கவும் தான் பத்தும். வீட்டு ஆர்ஓ மெஷினில் 90 காட்டுகிறது. அது போதுமா? ஃப்ளோரைடு பவளத்தைக் கொன்றுவிடுமா? இல்லை, பாண்டிச்சேரி போய் கடல் தண்ணியே கேனில் பிடித்து வரலாமா?

அப்புறம் பாறை. இங்கே குவாரிக் கல்லுக்குப் பஞ்சமில்லை, அதை வைக்கலாமா? ஒருத்தர் ராமேஸ்வரம் பக்கமிருந்து பவளத்தோடு கல் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், விலையும் குறைவு. சித்திரை வெயிலுக்கு சில்லர் (தண்ணியைக் குளிர்விக்கும் மெஷின்) கட்டாயமா என்பதையும் சொல்லுங்கள்.

ரெசின் ராஜா

ஃப்ளோரைடை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். குடிக்கிற நமக்குத்தான் 1.5 தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும். கடல் தண்ணீரிலேயே இயற்கையாக லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. ஆர்ஓ மெம்ப்ரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு) தாண்டி வருவதற்குள் உங்கள் 2.4 பெரும்பாலும் கழிந்துவிடும்.

பயப்பட வேண்டியது நைட்ரேட்டுக்கும் சிலிக்காவுக்கும். நம் பக்கம் முழுக்கப் பாறை நிலம், போர் தண்ணீரில் சிலிக்கா கரைந்தே வரும். தொட்டியிலிருந்து தினம் 3, 4 லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருப்பது எதுவும் வெளியே போகாது. ஈடுகட்ட ஊற்றுகிற தண்ணீர் இரண்டு மாதத்தில் 200 லிட்டரைத் தாண்டிவிடும். அதாவது உங்கள் போர் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட் 40-ம் அப்படியே தொட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் நிரப்பலுக்கு நல்ல தண்ணீர் தேடிவிட்டு, தினசரி டாப்-அப்புக்குக் கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வீட்டு மெஷின் 90 காட்டுவதற்குக் காரணம் மெம்ப்ரேன் கெட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். 1100 உள்ளே போனால் நல்ல மெம்ப்ரேன் 50-60 தரும். மீதியை மெஷினே கலக்கிறது. மூடியைக் கழற்றினால் டிடிஎஸ் அட்ஜஸ்டர் என்று ஒரு சின்ன திருகு வால்வு இருக்கும். சுவைக்காக மெம்ப்ரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் சேர்ப்பது அதன் வேலை. அதை முழுக்க மூடுங்கள். அதற்குப் பிறகு மினரல் கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கும், அது கால்சியம், மெக்னீசியத்தைத் திரும்பச் சேர்க்கும். எனவே மெம்ப்ரேனை விட்டு வெளியே வந்ததுமே, மினரலுக்கு முன்னால், கால் இன்ச் ட்யூபில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு தொட்டிக்கான தண்ணீரைத் தனியாக எடுங்கள். குடிப்பதற்கான லைன் அப்படியே இருக்கட்டும்.

அந்த 55-ஐ டிஐ ரெசினில் (மிச்ச உப்பையும் பிடித்துவைக்கும் சிறு மணிகள்) விட்டால் 0 வரும். ரெசின் சீக்கிரம் தீரும் என்பதுதான் சிக்கல். உள்ளே போகும் டிடிஎஸ் பாதியானால் ரெசின் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும். ஆகவே முதல் மெம்ப்ரேனில் வந்த தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, இரண்டாவது மெம்ப்ரேன் வழியாக பூஸ்டர் பம்ப் வைத்து ஒருமுறை ஓட்டி, அதன் பிறகு ரெசினுக்கு விடுவது நம் ஊர் தண்ணீருக்குக் கட்டுப்படியாகும். டிரம்மில் இருக்கும்போது ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெம்ப்ரேன் தடுக்காது, அது வீணாக ரெசினைத் தின்னும்.

இன்னும் இரண்டு. மெஷின் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடத் தண்ணீரில் டிடிஎஸ் எகிறி இருக்கும், அதை ரெசினுக்கு விடாதீர்கள். ரெசின் தீரும்போது முதலில் தப்பி வருவது சிலிக்கா. மீட்டர் அதைக் காட்டாது. மீட்டர் 0 என்கிறது, ஆனால் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் (சிலிக்காவில் வளரும் பாசி) துடைக்கத் துடைக்கத் திரும்பி வருகிறது என்றால் ரெசினை மாற்றுங்கள். மீட்டர் 2, 3 காட்டும்வரை காத்திருப்பது காசு மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். அவ்வளவுதான், மிச்சம் ஆகாது.

உப்பு: நல்ல ரீஃப் சால்ட் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம். 200 லிட்டருக்கு ஏழரை கிலோ. தண்ணீரை 25 டிகிரியில் வைத்து, பம்ப் ஓடும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து பக்கெட் அடியிலேயே தங்கிவிடும். இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்ஜியம் வைப்பதைவிட 35 பிபிடி கரைசலில் சரிபார்ப்பது நம்பகமானது. கல்லுப்பு வெறும் சோடியம் குளோரைடு, அந்தப் பேச்சே வேண்டாம்.

கே.ஆர்.பி. கரை, கிருஷ்ணகிரி

கல்லுல இருந்து ஆரம்பிக்கிறேன் தோழர். ராமேஸ்வரம் கல்லை வாங்கவே வாங்காதீங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அது போக, ரீஃப் கட்டுற கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. கொண்டுவந்து தர்றவரோட சேர்த்து வீட்டுல வச்சிருக்கிறவரும் மாட்டுவார்.

அதனால கல் பவளத்தை விட்டுட்டு மென்பவளத்துல இறங்குங்க: ஜோஆந்தஸ், மஷ்ரூம், லெதர், ஜீனியா. புதுசா வைக்கிறவங்களுக்கு இதுதான் தோதும் கூட. பில்லோட, எங்கிருந்து வந்ததுன்னு சொல்ற கடையில வாங்குங்க. ஜோஆந்தஸைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்க. அதுலயும் அதோட இனத்துலயும் பாலிடாக்ஸின்னு கடும் விஷம் இருக்கலாம். அது ஒட்டின கல்லைக் கொதிக்க வைக்கிறது, காஞ்சதுக்கப்புறம் பிரஷ் போட்டுத் தேய்க்கிறது ரெண்டும் கூடவே கூடாது, ஆவியும் தூளும் மூச்சுல போகும். மீனுக்கு கிளவுன் ஜோடி போதும். தொட்டியிலேயே குஞ்சு பொரிச்சதா பாருங்க. மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) கிளவுன் பொரிப்பகத் தொழில்நுட்பத்தை உருவாக்கி இருக்கு, கடல்ல பிடிச்சதைத்தான் வாங்கணும்னு இல்ல.

குவாரிக் கல்லு தண்ணியைக் கெடுக்காது, ஆனா பிரயோஜனமும் இல்ல. நமக்கு வேணும்கிறது ஓட்டை ஓட்டையான பாறை. பாக்டீரியா குடியிருக்கிறது அந்த ஓட்டைக்குள்ளதான். கிரானைட்டு எடை மட்டும் ஏத்தும். உலர் ரீஃப் ராக் (உயிர் ஒட்டாத ஓட்டைப் பாறை) 15 கிலோ வாங்குங்க, போதும். தென்பெண்ணை ஆத்து மணலும் வேணாம். அதுல கருப்பா இரும்புத் துகள் கிடக்கும், கண்ணாடி துடைக்கிற காந்தத்துல ஒட்டிக்கிட்டு ஒரே இழுப்புல கீறல் போட்டுடும். அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணல் ஒரு இன்ச், இல்லன்னா மணலே இல்லாம விட்டுடுங்க.

கடல் தண்ணி: கரையோரத்துல பிடிக்கிறது ஊர்க் கழிவும் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில உப்பு இறங்கிப் போகும். கேன்ல வர்ற வழியிலேயே உள்ள இருக்கிற நுண்ணுயிர் செத்து நாறும். 200 லிட்டர் ஒரு தடவை கொண்டாந்துடலாம். வாராவாரம் மாத்த வேண்டிய 20 லிட்டருக்கு என்ன பண்ணுவீங்க?

தொட்டியைப் பழக்க, அதாவது மீனுக்கு முன்னாடியே அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க, அம்மோனியம் குளோரைடு 200 லிட்டருக்கு 1.25 கிராம் போட்டா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வரும். லேப் சாமான் விக்கிற கடையில வாங்குங்க. நாட்டு மருந்துக் கடை நவச்சாரம் சுத்தமா இருக்காது. கூட பாட்டில் பாக்டீரியா. போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்துல 0 ஆகுறவரை மீன் கிடையாது. நாலுல இருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

அலைவாசி, தருமபுரி

ரொம்ப நன்றி. ராமேஸ்வரம் கல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வெயிலும் கரண்டும்தான் பாக்கி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் எடுத்தால் சாயங்காலம்தான் வருகிறது. வீட்டில் 150 ஏஹெச் இன்வெர்ட்டர் இருக்கிறது.

ஓசூர் உப்புநீர்

ஓசூரில் மார்கழிக்கு ஹீட்டர் தேவைப்படும். தருமபுரிக்குக் கவலை வேறு. இலக்கு 25, 26 டிகிரி. 28 வரை மென்பவளம் தாங்கும், 30 தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். உங்களுக்கு ஒரு அனுகூலம்: கடலோரம் மாதிரி புழுக்கம் இல்லை, வறண்ட வெயில். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு 12 வோல்ட் ஃபேன் வைத்தாலே 2, 3 டிகிரி இறங்கும். முதலில் தொட்டியைத் தண்ணீரோடு வைத்து மதியம் மூன்று மணிக்கு அளந்து பாருங்கள். ஃபேன் ஓடியும் 29 காட்டினால் 1/10 எச்பி சில்லர். அறையே 34, 35 போகிறது என்றால் 1/6. சில்லரைக் கேபினெட்டுக்குள் மூடி வைத்தால் தன் சூட்டையே தான் இழுத்து ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபேன் வைத்தால் ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரைத் தானே விடும் கருவி) அவசியம். அதன் பக்கெட் 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் மாட்டிக்கொண்டு மொத்தமும் உள்ளே போனாலும் உப்பு 35-லிருந்து 32-க்குத்தான் இறங்கும், உயிர் பிழைக்கும். ஆர்ஓ லைனை நேரடியாகச் சம்பில் இணைக்கவே கூடாது.

இன்வெர்ட்டர்: 150 ஏஹெச், 12 வோல்ட் என்றால் 1800 வாட்-அவர், பேட்டரி கெடாமல் பாதி எடுக்கலாம். ரிட்டர்ன் பம்பும் (சம்பிலிருந்து தொட்டிக்கு ஏற்றுவது) வேவ்மேக்கரும் (தொட்டிக்குள் அலை எழுப்புவது) சேர்த்து 60 வாட் என்றால், இழப்பெல்லாம் போக 12 மணி நேரத்தை நெருங்கும். வீட்டு ஃபேன், லைட் அதே பேட்டரியில் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர், சில்லர், லைட்டை அந்த லைனில் போடாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஏசி பம்ப் உறுமிச் சூடாகும், டிசி பம்ப் வாங்குங்கள். எல்லாம் தீர்ந்தாலும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கரண்ட் போனதும் நடப்பது இன்னொன்று. ரிட்டர்ன் பைப் வழியே தண்ணீர் சம்புக்குத் திரும்பி இறங்கும். 90 × 45 செமீ பரப்பில் 1 செமீ என்பது 4 லிட்டர். பைப் வாய் 5 செமீ ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர், ஓவர்ஃப்ளோவில் (தொட்டியிலிருந்து சம்புக்கு வழியும் பெட்டி) நிற்பது தனி. வாயை 2 செமீ ஆழத்துக்குள் வையுங்கள். தண்ணீர் இப்படிப் பின்னால் இழுக்கப்படுவது (சைஃபன்) நிற்க, பைப்பில் காற்று புக ஓட்டை போடுவார்கள், போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பாசியோ நத்தையோ ஒருநாள் அடைக்கும். உப்புப் போடும் முன்பே வெறும் தண்ணீரில் ஓட்டி, ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, பம்பை நிறுத்திப் பாருங்கள். சம்ப் வழியவில்லை என்றால் அந்த நீர்மட்டத்தில் மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள்.

எர்த்திங்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். உப்பு வயர் வழியே ஏறும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், சொட்டு பிளக்குக்குப் போகாது.

மீன் பெங்களூரிலிருந்தோ சென்னை கொளத்தூரிலிருந்தோ பார்சலில் வந்தால், வந்த தண்ணீரில் தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டு விட்டுப் பழக்குங்கள்.

ரெசின் ராஜா

கடைசி வரி மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பல மணி நேரம் பையில் இருந்த தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால் பிஹெச் இறங்கி இருப்பதால்தான் அது விஷமாகாமல் இருக்கிறது. பையைப் பிரித்ததும் அந்த வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அதே அம்மோனியா மீனைச் சுடும். கடையிடம் உப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள், பல கடைகளில் 1.018-லிருந்து 1.020 தான் வைப்பார்கள். தனிமைத் தொட்டியை (புது மீனை முதலில் தனியே வைக்கும் தொட்டி) அதே அளவில் தயாராக வைத்து, மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிரித்த உடனே மீனை மட்டும் மாற்றுங்கள். பிறகு நாளுக்கு 0.002 வீதம் ஏற்றி 1.026-க்குக் கொண்டுவரலாம்.

இன்னொன்று, பிறகு எப்படியும் கேட்பீர்கள்: டிகேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) இறங்கினால் ஆப்ப சோடா போதும், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 ஏறும். 200 லிட்டரில் 7-ஐ 8.5 ஆக்க 9 கிராம், இரண்டு நாளாகப் பிரித்து. அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, சம்பில் ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள், ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடர் வாங்கிவிடாதீர்கள், அதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும்.

ஓசூர் உப்புநீர்

ஏற்கிறேன். பார்சல் மீனுக்கு அவர் சொன்னதுதான் சரி. நேரில் வாங்கி ஒரு மணி நேரத்தில் வீடு வந்தால் மட்டும் சொட்டு முறை.