வெஸ் மாண்ட்கோமரி கடைசி வருஷங்கள வீணடிச்சாரா?

ஆறுகம்பி:
நேத்து ராத்திரி ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ்ஸோட ரெண்டு ஆல்பம், 1960ல ரிவர்சைடு ரெக்கார்டு கம்பெனில வந்த 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்', 1967ல வந்த 'எ டே இன் த லைஃப்', ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டேன், மனசே கஷ்டமா போச்சு. முதல் ஆல்பத்துல 'ஃபோர் ஆன் சிக்ஸ்' கேளுங்க, மனுஷன் பிக்கே (கம்பி மீட்டற சின்ன தகடு) இல்லாம வெறும் கட்டைவிரல்ல அந்த வேகம். ரெண்டாவதுல 'விண்டி', மூணு நிமிஷம் கூட இல்ல, பாப் பாட்டோட மெட்ட ஆக்டேவ்ல, அதாவது ஒரே சுரத்த மேல கீழ ரெண்டு ஸ்தாயிலயும் சேத்து வாசிச்சிட்டு போயிடறார். வித்துச்சு, பாப் சார்ட்லயும் ஏறுச்சு, சரி. ஆனா அவ்ளோ பெரிய கலைஞன் அதுக்கா பொறந்தான்? அடுத்த வருஷம் ஜூன்ல 45 வயசுல மாரடைப்பு, ஆளே இல்ல. மிச்சம் இருந்த காலத்த இப்படி செலவு பண்ணிட்டாரேன்னு எனக்கு நிஜமாவே கோவம் வருது.

மீனா:
கோவம் எதுக்குங்க? இண்டியானாபொலிஸ்ல பகல்ல ஃபேக்டரி வேலை, ராத்திரி கிளப்புல வாசிப்பு, விடிஞ்சா திரும்ப ஃபேக்டரி, வீடு நிறைய பிள்ளைங்க. 1959ல சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அங்க போய் கேட்டு அசந்து போய் ரிவர்சைடு கம்பெனிக்கு சொன்னப்புறம்தான் அவருக்கு வெளில வழியே பிறந்துச்சு, அப்பவே 36 வயசு. அந்த ரிவர்சைடும் 1964ல திவாலாயிடுச்சு. நீங்க கும்பிடற அந்த ஆல்பங்களால அவர் வீட்டு அடுப்பு பெருசா எரியல. கடைசி மூணு வருஷத்துலதான் குடும்பம் நிம்மதியா இருந்திருக்கும். அத வீணடிச்சதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறுகம்பி:
காசு சம்பாதிச்சத நான் தப்பு சொல்லவே இல்ல மீனா. ரெக்கார்டுல இருக்கற இசைய பத்திதான் பேசறேன். அவரோட சோலோ கட்டற விதம் தெரியுமில்ல, முதல்ல ஒத்த நோட்டு, அப்புறம் ஆக்டேவ், கடைசில முழு கார்டு (பல சுரம் ஒண்ணா), படி ஏறற மாதிரி ஏறிட்டே போவார். 'விண்டி'ல ஏறறதுக்கு இடமே இல்லையே?

ராக்மணி:
நான் ராக் பக்கத்துல இருந்து வரேன் அதனால வேற மாதிரி பாக்கறேன். 'எ டே இன் த லைஃப்'ல பின்னணிக்கு ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டம் இருக்கு, அத வச்சாலே இசை கெட்டுடும்னா ராக் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்கோட 'ப்ளோ பை ப்ளோ' 1975, அதுலயும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஸ்ட்ரிங்ஸ் போட்டாரு, ஒரு பாட்டுக்கு கூட பாடகர் குரல நம்பாத இன்ஸ்ட்ருமெண்டல் ஆல்பம், அமெரிக்கால டாப் டென்குள்ள போச்சு, இன்னிக்கும் கிட்டார் கத்துக்கறவன் எல்லாம் அதுல ஸ்டீவி வொண்டர் எழுதின அந்த ஸ்லோ பாட்டுகிட்ட வந்துதான் நிக்கறான். ராக் கிட்டாரிஸ்ட் ஹெண்ட்ரிக்ஸோட 'தர்ட் ஸ்டோன் ஃப்ரம் த சன்' மெயின் மெட்டும் ஆக்டேவ்லதான், கேட்ட உடனே வெஸ் ஞாபகம் வரும். ஜனங்க கேட்டதாலதான் அந்த சத்தம் இவ்ளோ தூரம் பரவுச்சு.

ஆறுகம்பி:
அண்ணா, பெக் அந்த ஆல்பத்துல ஓடி ஆடி வாசிக்கறார், ஸ்ட்ரிங்ஸ் அவருக்கு பின்னாடி வருது. வெஸ்ஸோட ரெக்கார்டுல அவர்தான் ஸ்ட்ரிங்ஸுக்கு நடுவுல ஒதுங்கி நிக்கறார், அதுதான் வித்தியாசம். அதவிட கொடுமை ஒண்ணு இருக்கு. அவர் செத்தப்புறம் 'வில்லோ வீப் ஃபார் மீ'ன்னு ஒரு ஆல்பம் வந்துச்சு. 1965ல நியூயார்க் ஹாஃப் நோட் கிளப்புல பியானோ கலைஞர் வின்டன் கெல்லியோட மூணு பேர் குழுவோட வாசிச்ச லைவ் டேப்ப எடுத்து, அது மேல ஊதுகருவி எல்லாம் ஒட்ட வச்சு வித்தாங்க. அவரால வேண்டாம்னு சொல்லக்கூட முடியாதே.

மீனா:
அது தப்புதான், அதுல நானும் உங்க பக்கம். ஆனா ஒண்ணு யோசிங்க, அதே கிளப் பேர்ல வெஸ் போட்ட 'ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்' ஆல்பத்த தயாரிச்சதும் க்ரீட் டெய்லர், 'எ டே இன் த லைஃப்' தயாரிச்சதும் அதே க்ரீட் டெய்லர். கிட்டாரிஸ்ட் பேட் மெத்தனி ஜாஸ் கிட்டார் ஆல்பத்துலயே பெருசுன்னு சொல்ற ஆல்பம் அந்த முதல் ஒண்ணு. அப்போ வியாபாரி வந்து கலைஞன கெடுத்தான்னு ஒரே வரில முடிச்சிட முடியாது. இன்னொண்ணு, நான் மூணு மாசம் பிக்க தூக்கி வச்சிட்டு கட்டைவிரல்ல வாசிச்சு பாத்தேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு தொந்தரவாகுதுன்னு வெஸ் ஆரம்பிச்ச முறை அது. வேகத்த விடுங்க, அந்த உருண்டையான சத்தமே வரல. நடுவுல இருக்கற கம்பிய இடதுகைல லேசா தொட்டு ஊமையாக்கணும், இல்லாட்டி ஆக்டேவ் கரகரன்னு கேக்கும். 'விண்டி'ல அது ஒரு இடத்துல கூட பிசகல. எளிமையா தெரியுது, அவ்ளோதான்.

ராக்மணி:
இதுல மீனா சொல்றது சரி. 1976ல கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் பென்சன் 'ப்ரீசின்' ஆல்பம் போட்டு பாப், ஆர் அண்ட் பி, ஜாஸ் மூணு சார்ட்லயும் நம்பர் ஒன் ஆனாரே, அந்த கதவ திறந்து வச்சது வெஸ்தான்.

ஆறுகம்பி:
கதவ திறந்தாரு, ஒத்துக்கறேன். சத்தமும் சுத்தம், ஒத்துக்கறேன். ஆனா ஹாஃப் நோட்ல 'நோ ப்ளூஸ்' கிட்டத்தட்ட 13 நிமிஷம் வாசிக்கறார் மீனா. அந்த மாதிரி இன்னும் நாலு ராத்திரிய யாராவது டேப் பண்ணி வச்சிருந்தா, 'விண்டி' வித்த காசு மொத்தத்துக்கும் பதிலா அதத்தான் கேப்பேன்.

மீனா:
நீங்க கேப்பீங்க. அவரோட பிள்ளைங்ககிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?