உறைபனியில் வெடித்த ரேடியேட்டர்கள்: பழைய வீட்டுக்கு எந்த வெப்பமூட்டல் ஏற்றது?

கேள்வி:
மொன்றியலில் 1920களில் கட்டப்பட்ட வீடொன்றை வாங்கியுள்ளோம். வீடு பூட்டிக் கிடந்த குளிர்காலத்தில் கொதிகலன் நின்றுபோய் உள்ளே இருந்த நீர் உறைந்ததால், சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் 11 வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களில் நான்கு வெடித்துவிட்டன. ஒன்றின் அடிப்பகுதியில் விரல் நீளத்துக்குக் கீறல் தெரிகிறது. அனைத்தையும் அகற்றிவிட்டு சுவரின் அடியோரம் பொருத்தும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர்களைப் பொருத்தலாமா?

பதில் 1:
அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மற்றவற்றிலும், கொதிகலனிலும் இருக்கலாம். ஆகவே தண்ணீர் நிரப்புவதற்கு முன் குழாய்களில் காற்றழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். நான் நேராகத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழ்த்தளத்தின் உட்கூரையைப் பறிகொடுத்தவன். வெடித்தவற்றுக்கு ஈடாக, பழைய கட்டடப் பொருள்கள் விற்கும் கடைகளில் அதே உயரத்தில் தேடலாம்.

பதில் 2:
மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் மலிவு என்பதால், ரேடியேட்டர்களை வைத்துக்கொண்டு மின்கொதிகலன் பொருத்துவதையே நான் தேர்ந்தெடுப்பேன். சாளர இடுக்குகளை அடைத்து, பரணுக்கு வெப்பக்காப்பும் இட்டுவிட்டால், பெரிய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 55 பாகை செல்சியஸ் நீரே போதும். பிற்பாடு, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் வெப்ப ஏற்றிக்கு (heat pump) மாறவும் வழி இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சோப்பு நீர்ச் சோதனையில் ஐந்தாவதாக ஒன்றும் குமிழிவிட்டது.