எட்டாவது படிக்கற பொண்ணு சினிமா கதை எழுதி கோடி சம்பாதிக்கப் போறாளாம், என்ன பதில் சொல்றது?

எளநிமண்டி_கொழிஞ்சாம்பாறை:
வணக்கமுங்க. நமக்கு எளநி லோடு ஏத்தி விடற தொழில். பொண்ணு இங்க கேரளாவுல பாலக்காட்டுப் பக்கமே தமிழ் மீடியத்துல எட்டாவது படிக்கறா. லீவுல கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு ஷூட்டிங் நடக்குதுன்னு வேடிக்கை பாக்க கூட்டிட்டுப் போனேன், எல்லாரும் ஹீரோ எப்ப வருவாருன்னு கேரவனையே பாத்துட்டு நிக்க, இவ மட்டும் அட்டையில பேப்பர கிளிப் போட்டு கையில வச்சுட்டு ஓடற ஒரு தம்பியவே பாத்துட்டு இருந்தா. அதுல இருந்து சினிமாவுக்கு கதை எழுதறேன்னு உக்காந்துட்டாங்க.

நோட்ட எடுத்துப் பாத்தேன். மொதப் பக்கத்துல ஸ்கெட்ச் பென்ல கதை திரைக்கதை வசனம் இயக்கம்னு போட்டு அவ பேரு. ரெண்டாவது பக்கம் நன்றி, அதுல எங்க நாய் பேரும் இருக்கு. மூணாவது பக்கம் என்னென்ன அவார்டு வாங்கப் போறான்னு லிஸ்ட். கதை 11 பக்கம் போயி அப்படியே நிக்குது. கேட்டா மிச்சம் மண்டையில இருக்குதாம். ஒரு கதைக்கு ஒரு கோடி, வருஷத்துக்கு மூணு கதை, மொதக் காசுல எனக்கு புது மினி லாரின்னு கணக்கும் போட்டு வச்சிருக்கா. இப்ப போன்ல ஏதோ விளம்பரத்தப் பாத்துட்டு 15,000 கட்டி ஆன்லைன் கோர்ஸ் சேத்து விடுன்னு ஒரே நச்சு. திட்டவும் மனசு வரல, பணம் கட்டவும் தைரியம் இல்ல. இந்த லைன் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

பழைய_ஏடி_பொள்ளாச்சி:
அண்ணா, நான் சென்னை சாலிகிராமத்துல ரூம் எடுத்துத் தங்கி பல வருஷம் அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்தவனுங்க, இப்ப ஊர்ல போட்டோ ஸ்டூடியோ. மொதல்ல அந்தக் கோர்ஸுக்கு ஒத்தப் பைசா கட்டாதீங்க. பிளஸ் டூ வரைக்கும் ஆசை தங்குச்சுன்னா சென்னை தரமணில அரசு எம்.ஜி.ஆர். ஃபிலிம் இன்ஸ்டிடியூட் இருக்கு, டிகிரி முடிச்சா புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட் இருக்கு, உங்க கேரளாவுலயே கோட்டயம் பக்கம் கே.ஆர். நாராயணன் பேர்ல ஒண்ணு இருக்கு. அதுக்கெல்லாம் இன்னும் காலம் கிடக்கு.

வேலை எப்படின்னா, மொதல்ல ஒன்லைன், அதாவது மொத்தக் கதையோட சாரம் ஓரிரு வரில. அது தேறினா சீன் ஆர்டர், அறுபது எழுபது சீன் இருக்கும், ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு வரியா எழுதி சுவத்துல ஒட்டி முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தி அடுக்குவோம். டிஸ்கஷன்னு நாலு பேரு உக்காந்தா ஒருத்தன் சொல்றத இன்னொருத்தன் உடைப்பான், ஒரு இன்டர்வெல் சீனுக்கே ஒரு மாசம் ஓடினதெல்லாம் உண்டு. வசனம் அதுக்கப்புறந்தான். பேப்பர்ல நடுவுல கோடு கிழிச்சு இடது பக்கம் என்ன நடக்குது, வலது பக்கம் என்ன பேசறாங்க, இது நம்மூரு பழைய முறை. இங்கிலீஷ் ஃபார்மட்ல டைப் அடிச்சா ஒரு பக்கம் சுமாரா ஒரு நிமிஷம்னு கணக்கு, ரெண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம். பாப்பா எழுதினது 11 பக்கம்னா 11 நிமிஷம், அவ்ளோதான்.

எழுதி முடிச்சாலும் யாரும் படிக்க மாட்டாங்கண்ணா. நேர்ல போயி கதை சொல்லணும், ரெண்டு மணி நேரம், பேப்பர் பாக்காம, எதிர்ல இருக்கறவர் போன நோண்டிட்டே கேப்பாரு. பிடிச்சுதுன்னா சின்னதா ஒரு அட்வான்ஸ், மிச்சம் ஷூட்டிங் கிளம்பினா கொஞ்சம், படம் முடிஞ்சா கொஞ்சம். பாதில நின்னுச்சுன்னா அந்த அட்வான்ஸோட சரி. இன்னொண்ணு, தமிழ்ல பெரும்பாலும் டைரக்டரே எழுதிக்கறாரு, எழுதறவனுக்குன்னு தனி சேர் கம்மி.

எங்க செட்டுல எல்லாரும் பாக்யராஜ் சாரைப் பாத்துக் கிளம்பினவங்க, கோபி பக்கத்து வெள்ளாங்கோயில்காரர் ஆச்சே. 77-ல பாரதிராஜா கிட்ட அசிஸ்டென்ட், 79-ல டைரக்டர், ரெண்டே வருஷம்னு கணக்குப் போட்டோம். நடுவுல அவரு எத்தனை படத்துல வேலை பாத்தாரு, வசனம் எழுதினாருங்கறத ஒருத்தனும் எண்ணிப் பாக்கல.

மீனாட்சிபுரம்_மாப்ள:
மூணு கோடிக்கு ஜிஎஸ்டி கழிச்சாளான்னு கேளுங்க அண்ணா. என் பையன் கேம் விளையாடியே கோடீஸ்வரன் ஆவானாம், உங்க பொண்ணு தேவலை, நோட்டுலயாச்சும் எழுதுது.

சித்தூர்_டீச்சர்:
ஏடி தம்பி சொன்னது சென்னை நிலவரம். நம்ம பக்கம் மலையாளத்துல எழுதறவங்களுக்கு இன்னும் தனியா ஒரு மரியாதை உண்டு. எம்.டி. வாசுதேவன் நாயர் கூடல்லூர்க்காரர், நம்ம பாலக்காடு ஜில்லாதான். சின்ன வயசுலயே சிறுகதை எழுத ஆரம்பிச்சவர், ஆனா மொதத் திரைக்கதை படமா வந்தது 1965-ல, அப்ப வயசு 32 கிட்ட. திரைக்கதைக்குன்னே நாலு தேசிய விருது வாங்கினவரு, மாத்ருபூமி வார இதழ்ல ஆசிரியர் வேலையும் பாத்தாரு. இன்னொரு திரைக்கதை ஆசிரியர் பத்மராஜன் ரேடியோவுல வேலை பாத்தவர். அதே மாதிரி லோஹிததாஸ் நாடகம் எழுதிட்டு இருந்தவர், 1987-லதான் சினிமாவுக்கு வந்தாரு. சம்பளத்துக்கு வேற இடம், எழுத்து ஒரு பக்கம்னு ஓட்டினவங்க நிறைய. கோடிக் கணக்கு போடற பிள்ளைக்கு இதச் சொல்லலாம், ஆனா பிரசங்கமா வேண்டாம்.

நம்மூர்ல ஒரு சௌகரியம் பாருங்க, இங்க திரைக்கதையவே புஸ்தகமா போடறாங்க, வாயனசாலைல, அதான் நூலகத்துல, கேட்டா கிடைக்கும். பொண்ணுக்கு மலையாளம் வாசிக்க வரும்ல. ஒரு புஸ்தகத்தப் படிக்கட்டும், அப்புறம் அதே படத்தப் போட்டு புஸ்தகத்துல இருக்கற எது படத்துல இல்ல, ஏன் வெட்டினாங்கன்னு பாக்கட்டும். எந்தக் கோர்ஸும் இத விட மேல கத்துத் தராது.

அப்புறம் ஒரு பயிற்சி. பள்ளிக்கூடத்துல எங்க பிள்ளைகளுக்கு நான் குடுக்கறது. ஒரே ஒரு சீன், ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது, யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆனா ரெண்டு பேருக்கு நடுவுல என்ன பிரச்னைன்னு படிக்கறவங்களுக்குப் புரியணும். உங்க மண்டியவே வச்சு எழுதச் சொல்லுங்க. பாதிப் பேருக்கு முழுசா முடிக்கவே வராது. முடிச்சதத் திருப்பி எழுதச் சொன்னா மிச்சப் பேருக்கும் கோவம் வந்துரும்.

வேலந்தாவளம்_குமாரு:
நோட்ட யாருக்கும் காட்டாதீங்க, சுட்டுருவானுங்க. 2018 தீபாவளிக்கு வந்த சர்கார் படம் ஞாபகம் இருக்கா, அதே கதைய 2007-லயே எழுத்தாளர் சங்கத்துல பதிஞ்சிருக்கேன்னு ஒருத்தர் ஐகோர்ட் வரைக்கும் போயி, சமரசம் பேசித்தான் படமே வந்துச்சு. மொதல்ல ரெஜிஸ்டர் பண்ணுங்க.

பழைய_ஏடி_பொள்ளாச்சி:
குமாரு, எத ரெஜிஸ்டர் பண்றது, மண்டையில இருக்கறதையா? வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, எழுதின வடிவத்துக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட்டே 1978-ல சொல்லிருச்சு. காப்பிரைட் ஆபீஸ்ல எழுத்துக்கு 500 ரூபாதான் ஃபீஸ், எங்கயும் ஓடிப் போகாது. மொதல்ல 12-ஆவது பக்கம் வரட்டும்.

எளநிமண்டி_கொழிஞ்சாம்பாறை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோர்ஸ் இல்லைன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருந்தா. டீச்சரம்மா சொன்னத மட்டும் சொன்னேன், இதென்ன பெரிய விஷயம்னு போயி உக்காந்தவ ராத்திரி வரைக்கும் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டா. கடைசியா ஒண்ணு குடுத்தா. வியாபாரி ஒரு காயத் தட்டிப் பாத்து உதட்டப் பிதுக்கறாரு, விரல்ல ஏதோ விலை காட்டறாரு, உடனே மண்டிக்காரரு போன எடுத்து காதுல வச்சுக்கறாரு, போன் ஸ்கிரீன் அணைஞ்சிருக்கு. அய்யோ, நான் அப்படித்தானுங்க பண்ணுவேன், வேற பார்ட்டி கூப்பிடற மாதிரி. இத எப்ப பாத்தான்னே தெரியல. இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றதுங்க?

சித்தூர்_டீச்சர்:
திருப்பி எழுதச் சொல்லுங்க. இந்த வாட்டி அந்த வியாபாரிக்கு ஸ்கிரீன் அணைஞ்சிருக்கறது தெரிஞ்சு போச்சு. அவரும் வாயத் திறக்கக் கூடாது.

பழைய_ஏடி_பொள்ளாச்சி:
எழுதினா இங்க போடுங்கண்ணா. இனிமே விலை பேசறப்ப நெஜமாவே யாருக்காச்சும் போன் அடிங்க.